மூன்று பிடி பழஞ்சோறு

எனக்கு இரண்டு தரம் ஒப்பரேசன் நடந்தது. முதல் தரம் மயக்கிச் செய்தார்கள். இரண்டாம் தரம் வெட்டுகிற இடத்துக்கு மட்டும் விறைப்பூசி போட்டுச் செய்தார்கள். முதல் தரம் ஐந்து நாள் சாப்பிட ஏலாமல் கிடந்தேன். இரண்டாம் தரம் மேசையால் இறங்கி அரை மணித்தியாலத்தில் பாண் தின்றேன். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலாவது குடல்வால். மூத்தவளுக்கு அப்போது நாலு மாதம். நெடுந்தீவில் இருந்து வள்ளத்தில் ஏற்றி, பிறகு காரில் கொண்டுபோனார்கள். மூக்கில் ஒரு மூடியை வைத்தார்கள். இனிப்பும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு மணம். அவ்வளவுதான் தெரியும்.

கண் முழித்தபோது சத்தி. அடுத்த நாளும் சத்தி. வயிற்றில் ஒன்றும் இல்லை, பச்சைத் தண்ணீர்தான் வந்தது. ஒவ்வொரு ஓங்காளத்துக்கும் தையல் போட்ட இடம் கிழிகிற மாதிரி இருக்கும்.

சத்தி நின்ற பிறகும் சாப்பாடு வாய்க்குக் கிட்டப் போகவில்லை. சோற்றில் அந்த மூடியின் மணம். தேத்தண்ணியிலும் அதே மணம். மற்றவர்களைக் கேட்டேன். அவர்களுக்கு மணக்கவில்லை.

மச்சாள் வீட்டிலிருந்து சுறா மீனை உதிர்த்து வறை செய்து கொண்டுவந்தா. மச்சாள் என்றது இவருடைய, என் மனுசனுடைய, தமக்கை. கலியாணம் கட்டாமல் எங்களோடே இருந்தா. எங்கள் பக்கத்தில் பால் கொடுக்கிற பெண்ணுக்குச் சுறா வறைதான் சாப்பாடு. நான் கோப்பையைத் தள்ளிவிட்டேன். மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை. மச்சாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

ஆறாம் நாள் கஞ்சி இறங்கியது. அதற்குள் பால் வற்றிப்போனது.

பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்கிற மாப்பால் யாழ்ப்பாணத்தில் இருந்துதான் வரவேணும். அது தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கிற காலம். போட் ஏழு நாள், ஒரு கிழமை முழுக்க, ஓடவில்லை. வீட்டில் நாலு மாடு நின்றது. பசுப்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தோம். ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றோட்டம் வந்தது. பிள்ளையின் முகத்தில் கண் மட்டும் இருந்தது. பிறகு தப்பிவிட்டாள். இப்போது என்னிலும் உயரம். ஆனால் அப்போது என் நெஞ்சைப் பிடித்து உறிஞ்சிப் பார்த்து, ஒன்றும் வராமல், விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அழமாட்டாள். பார்ப்பாள். அது எனக்கு மறக்கவில்லை.

நாலு வருசம் போனது. சின்னவன் பிறந்து ஆறு மாதம்.

வலது தோளுக்குக் கீழே முதுகில் ஒரு கட்டி. தேசிக்காய் அளவில் தொடங்கித் தோடம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இழுக்க நோகும். பிள்ளையைத் தூக்க நோகும். கடைசியில் கை மேலே எழும்பாமல் போக, இவர் சொன்னார், "போய்க் காட்டு."

கடலுக்கு அந்தப் பக்கம், கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெயர் தேவையில்லை. டொக்டர் வயது போனவர். விரலால் அமத்திப் பார்த்தார்.

"கொழுப்புக் கட்டி. பயமில்லை. ஆனா ஆழத்தில இருக்கு. மயக்கித்தான் எடுக்கவேணும். காலமை வந்தால் பின்னேரம் வீட்டை போகலாம்."

பக்கத்தில் நின்ற தாதி, மிஸி என்றுதான் நாங்கள் கூப்பிடுகிறது, சொன்னா, "முதல் நாள் ராச் சாப்பாட்டோட நிப்பாட்டிப்போடும். காலமை தண்ணியும் குடிக்கக்கூடாது. மயக்கினால் அண்டைக்குப் பிள்ளைக்குப் பாலும் குடுக்காதேயும். பிழிஞ்சு ஊத்தும்."

எனக்கு அந்த மூடியின் மணம் அந்த இடத்திலேயே வந்தது. இப்படி இப்படி, பால் வற்றிப்போகும், வேற வழி இல்லையோ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு அப்படி வாய் வராது. "ஓம் டொக்டர்" என்றேன். வந்துவிட்டேன்.

ஒப்பரேசனுக்கு இரண்டு நாள் முந்தியே சோளகம் தொடங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெறுவயிற்றோடு கடல் ஏறுகிறதில்லை. ஏறினால் குடல் பிரட்டும், வெறும் வயிறு சத்தி எடுத்து எடுத்து ஆளை மயக்கிப்போடும். அதனால் போட்டுக்குப் போக முதல் பழஞ்சோற்றில் மூன்று பிடி, ஒரு வெங்காயம், உப்பு. செத்த வீட்டுக்குப் போகிறவரும் தின்றுவிட்டுத்தான் போவார்.

அன்றைக்கு விடியமுதல் மச்சாள் சட்டியோடு வந்து நின்றா.

"மச்சாள், மிஸி தண்ணியும் குடிக்கக்கூடாதெண்டு சொன்னவ."

"அந்த மிஸி எந்த ஊர்?"

"தெரியாது."

"கடல் தாண்டி வேலைக்கு வாறவவோ? பஸ்ஸில வாறவ. பஸ்ஸில வாற ஆளுக்கு அது சரி. நீ சத்தி எடுத்துக்கொண்டு கடலுக்க விழுந்தியெண்டால் கட்டியை ஆர் வெட்டுறது, மீனோ?"

"டொக்டரும்..."

"டொக்டர் கரையில இருக்கிறவர். வாயைத் திற."

நான் வாயைத் திறந்தேன். மச்சாள் தன் கையால் தீத்தினா. மூன்று பிடி. பிறகு மோரும் தந்தா. அதையும் குடித்தேன்.

இறங்குதுறையில் போட் நின்றது. அந்த நாட்களில் போட் ஓடுமோ இல்லையோ என்று அங்கே போனால்தான் தெரியும். ஓடியது. மச்சாள் சின்னவனை மடியில் கட்டிக்கொண்டு இருந்தா. இவர் மூத்தவளோடும் மாடுகளோடும் வீட்டில் நின்றுவிட்டார்.

பாதி வழியில் அலை மேலால் அடித்தது. பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர், ஓரமாகத் தலையை வெளியே போட்டுச் சத்தி எடுத்தார்.

மச்சாள் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டா, "மாஸ்டர், காலமை என்ன சாப்பிட்டனியள்?"

"ஒண்டும் இல்லை அக்கா."

மச்சாள் என் பக்கம் திரும்பினா. "கேட்டியோ?"

கேட்டேன்.

குறிகட்டுவானில் இறங்கி பஸ் ஏறினோம். இறுப்பிட்டி தாண்டும்வரை மச்சாள் அந்த மாஸ்டரைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தா. ஆஸ்பத்திரிக்குப் போக எட்டரை மணி. மச்சாளும் சின்னவனும் வாசலில் கிடந்த நீட்டு வாங்கில் இருந்தார்கள். என்னை அங்கேயே வைத்து மிஸி கேட்டா.

"இண்டைக்கு ஏதும் சாப்பிட்டனீரோ? குடிச்சனீரோ?"

"இல்லை மிஸி. வெறுவயிறு" என்றா மச்சாள்.

மிஸி எழுதப் போனா. நான் சொன்னேன், "மூண்டு பிடி பழஞ்சோறு திண்டனான். மோரும் குடிச்சனான்."

மச்சாள் என் தொடையில் நுள்ளினா. மிஸியின் கை நின்றது.

"என்ன சொன்னனீர்?"

"போட் ஏற முதல்."

"நான் அண்டைக்குச் சொன்னது காதில விழேல்லையோ? விளையாட்டோ இது?"

"விழுந்தது."

"பிறகேன் திண்டனீர்?"

மச்சாள் சொன்னா, "கடல் மிஸி. சோளகம். நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ."

மிஸி விறுவிறு என்று உள்ளே போனா. டொக்டர் வந்தார். அவர் ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"மயக்கினால் தொண்டையும் மயங்கிப்போகும். வயித்தில கிடக்கிற சோறு மேல வந்து சுவாசத்துக்க இறங்கினால், ஆள் முடிஞ்சுது. அதுக்குத்தான் சொல்லுறது. கடலில சத்தி எடுத்தால் களைப்பீர். இங்க எடுத்தால் சாவீர். விளங்குதோ?"

"ஓம்."

மச்சாள் அப்போதுதான் பயந்தா. "ஐயோ டொக்டர், நான்தான் தீத்தினனான்" என்றா.

"வாற கிழமை வாரும்" என்றார் டொக்டர். "பத்தரைக்கு மயக்க மருந்து குடுக்கிற டொக்டர் யாழ்ப்பாணம் திரும்பிவிடுவார். அதுக்குள்ள உம்மட வயிறு காலியாகாது."

அவர் எழும்பப் பார்த்தார். எனக்கு அப்போது எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது. பிறத்தி ஆளோடு அவ்வளவு நான் ஒரு நாளும் கதைத்ததில்லை.

"டொக்டர், வாற கிழமை போட் ஓடுமோ தெரியாது. ஓடினாலும், மயக்கினால் நான் சாப்பிடமாட்டன். முந்தி அஞ்சு நாள் சாப்பிட ஏலாமல் போச்சு. பால் வத்தினது. மூத்த பிள்ளை சாகக் கிடந்தவள். இவனுக்கு ஆறு மாசம். விறைக்கிற ஊசி போட்டு எடுங்கோ."

"கட்டி ஆழம். விறைப்பூசிக்கு ஒரு அளவு இருக்கு. அதுக்கு மேல போட ஏலாது. அடியில நோகும்."

"நோகட்டும்."

"அசைஞ்சால் எனக்கு வெட்ட ஏலாது."

"அசையமாட்டன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மச்சாளின் மடியில் கிடந்த சின்னவனைப் பார்த்தார். அவன் கொழுகொழு என்று இருந்தான். "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். மிஸியிடம், "விறைப்பூசிக்கு அடுக்கும்" என்றார்.

என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். காலமை கொடுத்ததுதான், பிறகு சின்னவன் குடிக்கவில்லை. நெஞ்சு கல்லு மாதிரி நிரம்பி இருந்தது. முதுகில் நோகும் என்று பார்த்தால், முதலில் நெஞ்சுதான் நொந்தது.

ஊசி எரிந்தது. நாலைந்து இடத்தில் குத்திவிட்டு, "நொந்தால் சொல்லும்" என்றார். பிறகு அந்த இடம் என்னுடையது இல்லாத மாதிரிப் போனது. கத்தி வெட்டுகிறது தெரியவில்லை. இழுக்கிறது தெரிந்தது. மீனைத் துப்பரவாக்கும்போது மீனுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். மீன் செத்த பிறகுதானே வெட்டுகிறோம் என்று நானே சொல்லிக்கொண்டேன். முகத்துக்கு நேரே யன்னல். வெளியே கொடியில் வெள்ளைத் துணி காய்ந்தது. ஒன்பது துணி.

மயக்காமல் கிடந்தால் எல்லாம் கேட்கும். மிஸி சாமான் எடுத்து வைக்கிறது கேட்டது. டொக்டரின் மூச்சு கேட்டது. வாசலில் சின்னவன் அழத் தொடங்கினதும் கேட்டது. மச்சாள், "ஓமடா, ஓமடா, அம்மா வாறா, இப்ப வாறா" என்று சொல்லிக்கொண்டு நடந்தா. அவன் நிப்பாட்டவில்லை.

கொஞ்சத்தில் மிஸி, "டொக்டர், மேசையில ஈரம். இரத்தமோ?" என்றா.

"பால்" என்றேன் நான்.

டொக்டர் மெல்லச் சிரித்தார். "நல்லது. அசையாதேயும்."

கடைசியில் அடியில் பட்டது. விறைப்பு இல்லாத இடம். நான் பல்லைக் கடித்தேன். மேசையின் காலை இடது கையால் பிடித்திருந்தேன்.

"நொந்ததோ?"

"ஓம்."

"சொல்லும் எண்டனான் எல்லே?"

"சொன்னால் அசைஞ்சுபோவன்."

இன்னும் கொஞ்சம் ஊசி போட்டார். இதுதான் கடைசி, இனி இல்லை என்றார். பிறகு வேகமாகச் செய்தார். தையல் போட்டு முடிய, கட்டியைத் தட்டத்தில் வைத்துக் காட்டினா மிஸி. மஞ்சளாய், நெய் உறைந்த மாதிரி. பார்த்தேன். வேறு ஆருடையதோ மாதிரி இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதுதான் வயிறு இரைந்தது. சத்தமாக இரைந்தது. மிஸிக்கும் கேட்டது.

"மூண்டு பிடி பழஞ்சோறு எங்க போச்சு?" என்றா.

வெளியே வாங்கில் கொண்டுவந்து இருத்தினார்கள். சின்னவனை இடது பக்கம் வாங்கினேன். "விறைப்பூசிதானே, குடுக்கலாம்" என்றா மிஸி. அவன் மூச்சு விடாமல் குடித்தான். வலது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

மிஸி உள்ளே போய்த் தன்னுடைய சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தா. பேக்கரிப் பாணும் இடிச்ச சம்பலும். பாதியைப் பிய்த்து மச்சாளிடம் கொடுத்தா. "உங்கட கையால தீத்துங்கோ. தீத்துறதில நீங்கள் கெட்டிக்காரிதானே" என்றா. ஏச்சும் அதுதான், மன்னிப்பும் அதுதான்.

மச்சாள் பாணை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தா. நான் முதலில் மணந்து பார்த்தேன். மச்சாளுக்கு ஏன் என்று தெரியும். கையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றா.

பாண் மணம். சம்பலில் வெங்காய மணம். வேறு ஒன்றும் இல்லை.

தின்றேன். மச்சாள் தீத்த தீத்தத் தின்றேன். அந்தப் பாதி முடிய, "இன்னும் இருக்கோ?" என்று கேட்டேன். மிஸி மற்றப் பாதியில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தா.

டொக்டர் போகிற வழியில் நின்று பார்த்தார்.

"சத்தி வருதோ?"

"இல்லை."

"தலை சுத்துதோ?"

"இல்லை. பசிக்குது."

மச்சாள் கேட்டா, "ஏன் டொக்டர், முந்தி இவள் ஒரு பருக்கை தொடேல்லை. இண்டைக்கு மிஸியின்ர சாப்பாட்டையும் திண்டிட்டாள்."

அவர் நின்று சொன்னார். மயக்க மருந்து உடம்பு முழுக்கப் போகும், மூளைக்கும் போகும், அது சில பேருக்கு வயிற்றைப் பிரட்டும், நாக்கையும் மூக்கையும் கெடுக்கும். விறைப்பூசி போட்ட இடத்தோடு நிற்கும். வயிற்றுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு சொன்னார், "ஆனா எல்லாருக்கும் அப்பிடியில்லை. மயக்கி எழுப்பினவுடன சோறு கேக்கிறவையும் இருக்கினம். முந்தி உமக்கு வயித்தில வெட்டு. இண்டைக்கு முதுகில. அதுவும் ஒரு காரணம். விறைப்பூசி எல்லாத்துக்கும் சரிவராது. அடுத்தமுறை மயக்கவேணுமெண்டால் மயக்கித்தான் ஆகவேணும். அப்ப பழஞ்சோறு இல்லை."

"ஓம்" என்றேன்.

"உங்களுக்கும்தான்" என்றார் மச்சாளைப் பார்த்து. மச்சாளும் ஓம் என்றா.

பின்னேரப் போட். விறைப்பு விடத் தொடங்கினது. முதுகில் நெருப்புத் தணலை வைத்த மாதிரி. நோவுக்குக் குளிசை தந்திருந்தார்கள், போட்டேன். காற்று இன்னும் பலத்திருந்தது. நான் இருந்த இருப்பில் இருந்தேன். சின்னவன் என் இடது கையில் நித்திரை.

பாதிக் கடலில் மச்சாள் ஒரு சத்தமும் இல்லாமல் எழும்பி ஓரத்துக்குப் போய்ச் சத்தி எடுத்தா.

அவ சத்தி எடுத்து நான் கண்டதில்லை. அப்போதுதான் யோசித்தேன். மத்தியானம் எனக்குத் தீத்தினா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தா. தான் ஒன்றும் சாப்பிடவில்லை.

திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு இருந்தா. நான், "மச்சாள், மத்தியானம் என்ன சாப்பிட்டனியள்?" என்றேன்.

"வாயை மூடு" என்றா.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தையல் நொந்தது. நிப்பாட்ட ஏலாமல் சிரித்தேன். அவவும் சிரித்தா.

கொஞ்ச நேரம் கழித்து மெல்லமாகக் கேட்டா, "எடியே, நீ தெரிஞ்சுதான் திண்டனியோ? திண்டால் மயக்கமாட்டினம் எண்டு?"

நான் யோசித்துப் பார்த்தேன். வாயைத் திற என்றா, திறந்தேன். திறக்கும்போது என்ன நினைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. தின்றால் ஆள் சாகலாம் என்று தெரிந்திருந்தால் திறந்திருக்கமாட்டேன். அது மட்டும் தெரியும்.

"தெரியாது மச்சாள்" என்றேன்.

"தெரியாதெண்டால் சரி" என்றா.

வீட்டுக்கு வரப் பொழுதுபட்டுக்கொண்டு இருந்தது. இவர் துறையில் வாங்கின சுறாவைக் கழுவி வைத்திருந்தார். மச்சாள் முகம் கழுவிவிட்டு நேரே குசினிக்குப் போனா. நான் சுவரில் இடது தோளைச் சாய்த்துக்கொண்டு பாயில் இருந்தேன். வறையின் மணம் வந்தது. மிளகு, உள்ளி, சுறா. நாலு வருசத்துக்கு முன் தள்ளிவிட்ட அதே மணம். வாயில் தண்ணீர் ஊறியது.

மச்சாள் கோப்பையோடு வந்து முன்னால் இருந்தா. எனக்கு ஒரு வாய். மூத்தவள் ஓடிவந்து வாயைத் திறந்தாள். அவளுக்கு ஒரு வாய். "தாயும் மகளும் கொக்குக் குஞ்சு மாதிரி" என்றா மச்சாள். இவர் வாசலில் நின்று பார்த்தார். கோப்பை வெறுமையாக வந்ததும் போய் மாட்டைக் கட்டினார்.

நோ பத்து நாள் இருந்தது. கை ஒரு மாதம் சரியாக எழும்பவில்லை. ஒரு நேரச் சாப்பாடும் தவறவில்லை.

ஒப்பரேசன் நடந்த அன்று இரவு சின்னவனை எடுத்தேன். அவன் பிடித்தான். குடித்தான். கன நேரம் குடித்தான். பிறகு விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் குனிந்து அவன் வாயைப் பார்த்தேன்.

வாயோரத்தில் பால் வடிந்தது. வயிறு நிரம்பி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நித்திரையாகிவிட்டான்.